அரண்மனைக்கு மஞ்சள் பட்டு வேண்டாம்

கேள்வி: என் அப்பா தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வரும் டிசம்பரில் சிலாங்கூர் சுல்தானின் கையால் மாநில விருது வாங்க, கிள்ளான் ஆலம் ஷா அரண்மனைக்குப் போகிறார். "ராஜா முன்னால் போனால் காலில் விழுந்துதான் கும்பிடுவேன்" என்கிறார். அம்மாவோ அந்த நாளுக்கென்றே மஞ்சள் காஞ்சிபுரம் பட்டு எடுத்து வைத்திருக்கிறார். இரண்டும் சரிதானா? அப்பா அங்கே என்ன பேச வேண்டும்?
– ஒரு மகள், கிள்ளான்

பதில்: அப்பாவுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள், அம்மா. நீங்கள் முன்கூட்டியே கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

முதலில் புடவை. மஞ்சள் நமக்கு மங்கலம். மலாய் அரண்மனையில் அது அரச குடும்பத்தின் நிறம். ஊர்வலத்தில் மன்னருக்கு மேலே பிடிக்கும் குடை மஞ்சள், சிலாங்கூர்க் கொடியில் பாதி மஞ்சள். குடிமக்கள் மஞ்சள் உடுத்தக் கூடாது என்று மலாக்கா சுல்தான்கள் காலத்துச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. இன்று யாரும் தண்டிக்கப் போவதில்லை. ஆனாலும் அந்த மண்டபத்தில் முழு மஞ்சளில் அம்மா உட்கார்ந்திருந்தால் எல்லார் கண்ணும் அவர் மேல்தான் இருக்கும். மயில்கழுத்து நிறமோ அரக்கோ கட்டச் சொல்லுங்கள். ரவிக்கையின் கை கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். அப்பா என்ன உடுத்த வேண்டும் என்பது அழைப்பிதழிலேயே இருக்கும், அதை அப்படியே பின்பற்றினால் போதும். சொங்கோக் தொப்பி அணியச் சொல்லியிருந்தால் தயங்க வேண்டாம். அங்கே அது விழா உடையின் ஒரு பகுதி.

காலில் விழுவது கூடவே கூடாது. அப்பாவின் மனசு எனக்குப் புரிகிறது, பெரியவர்களை வணங்க நமக்குத் தெரிந்த வழி அது. ஆனால் சுல்தான் தம் மாநிலத்தில் இஸ்லாத்தின் தலைவர். நெற்றி நிலத்தில் படும் வணக்கம் இறைவன் ஒருவனுக்கே உரியது என்பது அவர்கள் சமயம். மனிதர் முன் யாராவது அப்படி விழுந்தால் அவர்களுக்குச் சங்கடமாகிவிடும். அரண்மனை வணக்கத்துக்கு 'செம்பா' என்று பெயர். இரண்டு கைகளையும் கூப்பி நெற்றிவரை உயர்த்தி, தலையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். நம் கும்பிடுதான்! அப்பாவுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

சுல்தான் கை நீட்டினால் மட்டும் கை கொடுக்கலாம், நாமாக நீட்டக் கூடாது. விருதை வாங்கியதும் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்ப வேண்டாம். சில அடி பின்னால் நகர்ந்து, வணங்கிவிட்டுத் திரும்பலாம். ஒத்திகைக்கு அழைத்தால் தவறாமல் போகச் சொல்லுங்கள். எங்கே நிற்பது, எத்தனை அடி வைப்பது என்பதையெல்லாம் அங்கே காட்டிவிடுவார்கள்.

இனி பேச்சு. பெரும்பாலும் பேச வேண்டியே வராது. சுல்தான் ஏதாவது கேட்டால் 'அம்புன் துவாங்கு' என்று தொடங்கிப் பதில் சொல்லலாம். 'துவாங்கு' மன்னரை விளிக்கும் சொல். தன்னைக் குறிக்க 'சாயா' என்று சொல்லாமல் 'பாத்தேக்' என்று சொல்வது மரபு. அப்பா முக்கியமாகப் பழக வேண்டியது நன்றி சொல்வதைத்தான். கடையில் சொல்கிற 'தெரிமா காசே' அங்கே கிடையாது, 'மெஞ்சுஞ்சோங் காசே துவாங்கு' என்றே சொல்ல வேண்டும். முன்னது அன்பைப் பெற்றுக்கொள்கிறேன் என்பது, பின்னது அன்பைத் தலைமேல் சுமக்கிறேன் என்பது. சிரமேற்கொள்கிறேன் என்று நாம் சொல்வோமே, அதுதான்.

ஆசிரியராக இருந்தவர் என்பதால் இதையும் சொல்லுங்கள். மலாயில் அரியணை 'சிங்காசானா', அது நம் சிங்காசனம். கிரீடம் 'மக்கோத்தா', நம் மகுடம். விருதுக்கு 'அனுகெரா' என்று பெயர், நம் அனுக்கிரகம். எல்லாம் சமஸ்கிருதம் வழியாக இரு மொழிகளுக்கும் வந்தவை. அந்த மண்டபத்தில் அப்பா காதில் விழும் சொற்கள் பல அவருக்கு முன்பே பழக்கமானவை, பதற்றமே வேண்டாம்.

அம்மாவின் மஞ்சள் பட்டு வீணாகாது. மறுநாள் விருதோடு கோயிலுக்குப் போகும்போது அதைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.