வாவிக்கரையிலிருந்து விமானி இருக்கைவரை: மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

திமிலைதீவுப் பக்கம் வாவிக்கு மேலே தாழ்ந்து இறங்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் மட்டக்களப்பில் ஏராளம். அவர்களில் யாராவது விமானப்படை விமானியாக வேண்டும் என்று சொன்னால் நான் சொல்வது ஒன்றுதான்: பத்திரிகையில் விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயது எல்லை இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். உயர்தரம் படிக்கும்போதே ஆயத்தமாகுங்கள்.

படி 1: கண்ணைப் பரிசோதியுங்கள்

கண்ணாடி போடாமலே 6/6 பார்வை வேண்டும். நிறங்களையும் பிரித்தறிய வேண்டும். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனை ஐந்து நிமிட வேலை. சிவப்பு, பச்சைக் குறைபாடு உள்ள பலருக்கு அது இருப்பதே தெரியாது. இரண்டு வருடம் கனவு கண்டபின் தெரிந்துகொள்வதைவிட இந்த வாரமே கண் வைத்தியரைப் பாருங்கள்.

படி 2: கணக்கை மனதில் போடுங்கள்

சாதாரண தரத்தில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் மூன்றும் பலமாக இருக்க வேண்டும். அதோடு மனக்கணக்கும் பழகுங்கள். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் பறந்தால் 60 கி.மீ. கடக்க 20 நிமிடம். எதிர்க்காற்று 30 கி.மீ. என்றால் 24 நிமிடம். கச்சான் காற்றுக்கு எதிரே தோணி வலிப்பவர் கையால் உணர்வதை நீங்கள் எண்ணால் சொல்லப் பழக வேண்டும்.

படி 3: வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

உயர்தரச் சித்தியோடு கெடெற் அதிகாரியாக நேரடியாக விண்ணப்பிக்கலாம். இரத்மலானையிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழக விளம்பரங்களையும் கவனியுங்கள்; அங்கே பட்டப்படிப்பும் இராணுவப் பயிற்சியும் ஒன்றாக நடக்கும். தெரிவானவர்களுக்குத் தியத்தலாவையில் அடிப்படைப் பயிற்சி. பறக்கும் பயிற்சி நம்ம கிழக்கிலேயே, திருகோணமலை சீனன்குடாவில், செஸ்னா 150, பி.டி.-6 போன்ற சிறு விமானங்களில்.

தங்கச்சிமாருக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. 1951இல் தொடங்கிய விமானப்படையில் 2020 நவம்பரில்தான் முதன்முறையாக இரண்டு பெண்கள் விமானிகளானார்கள்.

படி 4: உடலும் மொழியும்

கல்லடிக் கடற்கரையில் அதிகாலையில் ஓடுங்கள்; 2.4 கி.மீ. ஓட்டத்தை நேரம் பார்த்துக் குறித்து வையுங்கள். சிங்களத்தில் சரளமாகக் கதைக்கப் பழகுங்கள். வானொலியில் விமானி பேசும் மொழி ஆங்கிலம். ஆகவே தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் சத்தமாக வாசியுங்கள்.

படி 5: வீட்டில் கதையுங்கள்

நமது ஊரில் சீருடை என்றதும் பழைய காயம் நினைவுக்கு வரும் வீடுகள் உண்டு. அம்மா தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒளித்து விண்ணப்பிக்காதீர்கள். ஏன் இந்தத் தொழில், அதில் என்ன ஆபத்து, எத்தனை வருடம் சேவை செய்ய வேண்டும் என்பதை எழுதிவைத்துக் கதையுங்கள். நேர்முகத்தேர்வில் "ஏன் விமானப்படை?" என்று கேட்பார்கள். அம்மாவிடம் மனந்திறந்து சொன்ன பதிலைத்தான் அங்கும் தடுமாறாமல் சொல்ல முடியும்.