பார்ட்டி ரெடிதானா? அட்வான்ஸ் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீடு விற்பனைக்கு என்ற செய்தி புரோக்கர் காதில் விழுந்துவிட்டால் போதும், செல்பேசி ஓயாது. தெருவில் சதுர அடி என்ன விலை போகிறது என்று தெரிந்துகொள்ள வருபவர், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருப்பவர், குறைத்து வாங்கிக் கைமாற்றிவிடக் காத்திருப்பவர் என எல்லோரும் ஒரே குரலில்தான் பேசுவார்கள். வாங்கவே வந்தவரை இவர்களுக்குள் அடையாளம் காண ஒரு வழி உண்டு. அவர் என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு, இந்த வீட்டுக்காக எதைச் செலவழிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

போனிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம். வங்கிக் கடனா, சொந்தப் பணமா? எந்த மாதம் கிரயம் செய்ய நினைக்கிறார்? வேறு சொத்தை விற்றுத்தான் இதை வாங்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்பவருக்கு ஆசை நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அவருடைய கிரயத் தேதி இன்னொருவர் கையில் இருக்கிறது.

நேரில் வந்தவர், “வீடு அருமையா இருக்கு சார், வீட்ல பேசிட்டுச் சொல்றேன்” என்று சொல்வதில் மகிழ ஒன்றுமில்லை. வாங்கப்போகிறவர் குறைகளைத் தேடுவார். மே மாதம் போரில் தண்ணீர் வருமா, சென்னை என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை அடி ஏறியது, அடுக்குமாடி என்றால் யூடிஎஸ் (பிரிக்கப்படாத மனைப் பங்கு) எவ்வளவு என்று கேட்பார். குளியலறைச் சுவரின் ஓதத்தைத் தடவிப் பார்ப்பார். இரண்டாம் முறை மனைவியையோ பெற்றோரையோ கூட்டி வருவார். மூன்றாவதாக மேஸ்திரியும் வரலாம். எதிர் வீட்டுக்காரரிடம் அவர் பேசிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டால், அதை நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து பத்திரம். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, அனுமதி வரைபடம் ஆகியவற்றின் நகல்களை மட்டும் கொடுக்க வேண்டும்; அசல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அக்கறை உள்ளவர் வில்லங்கம் போட்டுப் பார்த்து, வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்துக் கருத்து வாங்குவார். “பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு சகோதரியின் கையெழுத்து இல்லையே?” என்று கேட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்தால், விற்பவர் முகம் சுளிக்க வேண்டியதில்லை. வாங்குவதாக இல்லாதவர் அந்தப் பக்கத்தைப் புரட்டியே இருக்க மாட்டார். நகல் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் பேச்சே இல்லையென்றால், அடுத்தவருக்கு வீட்டைக் காட்டலாம்.

இனி பணக் கணக்கு. பேரங்கள் பெரும்பாலும் உடையும் இடம் இதுதான். 60 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே கடன் அதிகபட்சம் 48 லட்சம். 12 லட்சம் கைப்பணம் வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், அதாவது 4.2 லட்சம். பதிவுக் கட்டணம் தனி. இந்தச் செலவுகளைச் சொத்து மதிப்பில் சேர்த்து வங்கி கடன் தராது. வங்கியின் மதிப்பீட்டாளர் 55 லட்சம்தான் என்று எழுதிவிட்டால் கடன் 44 லட்சமாகச் சுருங்கும். கைப்பணத் தேவை இன்னும் 4 லட்சம் கூடும். “லோன் கிடைச்சிடும் சார்” என்பவரிடம் வங்கியின் முன் அனுமதிக் கடிதத்தையும், மீதித் தொகை எங்கிருந்து வரும் என்பதையும் கேட்பதில் தவறே இல்லை. தயாராக இருப்பவருக்கு இந்தக் கேள்வி கோபத்தை வரவழைக்காது.

“முழுக்க ரெடி கேஷ்” என்ற பேச்சில் மயங்க வேண்டாம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால், வாங்கிய அளவுக்கே விற்பவருக்கு அபராதம் விழலாம். விவரம் தெரிந்தவர் காசோலையிலோ வங்கிப் பரிமாற்றத்திலோ தருவார். விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்பதால், விற்பவரின் பான் எண்ணையும் தானே கேட்பார்.

டோக்கன் அட்வான்ஸ் வாங்கும்போது, தொகை, விலை, அக்ரிமென்ட் போடும் நாள், பின்வாங்கினால் பணம் என்னாகும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வாயால் பேசிக்கொண்டது பிறகு இரண்டு விதமாக நினைவுக்கு வரும். ஆடி முடியட்டும் என்பவரையும் இங்கேயே சோதித்துவிடலாம். ஆடியில் பதிய மாட்டேன் என்பது பலருக்கு நம்பிக்கை. நிஜமாகவே வாங்குபவர் ஆனியிலேயே டோக்கன் கொடுத்து, ஆவணியில் ஒரு தேதியும் சொல்வார். தேதியும் இல்லை, பணமும் இல்லை என்றால் அது தட்டிக்கழிப்பு.

அக்ரிமென்ட் விஷயத்தில் அவசரமே கூடாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்ததும் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். ரத்துப் பத்திரம் பதியும்வரை அடுத்த பார்ட்டியும் அவருடைய வங்கியும் தயங்குவார்கள். பதியாமல் கையெழுத்திட்டால் தப்பிக்கலாம் என்பதும் சரியல்ல. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் அதையும் சான்றாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. அத்தகைய வழக்கு போட மூன்று வருட அவகாசம் உண்டு. கடைசிவரை பணத்தோடு தயாராக இருந்ததாக வாங்குபவர் நிரூபித்தாக வேண்டும் என்றாலும், தீர்ப்பு வரும்வரை வீடு முடங்கிக் கிடக்கும்.

எனவே வக்கீல் கருத்தும் கடன் அனுமதியும் கைக்கு வந்த பிறகே அக்ரிமென்ட். கிரயத்துக்கு 60 நாளா 90 நாளா என்ற கெடுவும், கெடு தாண்டினால் ஒப்பந்தம் என்னாகும் என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவதாக விலை சொன்னவரின் எண்ணையும் கிரயம் முடியும் நாள்வரை அழிக்காமல் வைத்திருக்கலாம்.