பூனைக்குட்டி வந்திருக்கிறதா?

ஹைதராபாத் அடுக்குமாடிகளின் பார்க்கிங்கில் குட்டி கத்தினால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள்.

வராவிட்டால் முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பசும்பால் பேதியாக்கும், பூனைக்குட்டிக்கான பால் பவுடரே சரி. மல்லாத்திப் புகட்டவே கூடாது, புரையேறிவிடும். குப்புறப் படுக்க வைத்துத் துளித்துளியாகக் கொடுங்கள். 3 வாரம் வரை, பால் குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிவயிற்றின் கீழே தடவினால்தான் சிறுநீர் போகும். தாயின் நாக்கு செய்கிற வேலை அது.

8 வாரத்தில் முதல் தடுப்பூசி. நாராயண்குடா அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் வேண்டாம். ஒரு துண்டு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.