மரம் தெரிதலும் வண்ணம் தெரிதலும்

மெல்லிய பலகையில் ஓர் உருவத்தை வரைந்து, நூலிழை போன்ற அலகுடைய வாளால் அதனை வளைத்து வளைத்து அறுத்தெடுத்து, அரத்தாளால் மினுக்கி, நிறந்தீட்டிச் சுவரிலே தூக்குவது ஓர் இனிய கைப்பணி. மேனாட்டிலிருந்து வந்த இவ்வாளைப் 'பிறெற் வாள்' என்று வழங்குவர். இப்பொழுது மின்விசையால் இயங்கும் 'ஸ்குறோல் வாள்' பல இடங்களிற் கைவில்லின் இடத்தைப் பெற்றுவிட்டது. யாம் இரண்டையும் நுண்வாள் என்றே இக்கட்டுரையிற் குறிப்போம். தமிழாசிரியர்க்கும் பலகைக்கும் என்ன தொடர்பு என்று பழைய மாணவர் சிலர் புன்முறுவல் செய்தல் கூடும். இலக்கணமும் மரவேலையும் ஒன்றற்கொன்று தூரமானவை அல்ல என்பது இதனை வாசித்து முடிக்குமுன் அவர்க்குப் புலனாகும்.

இப்பணியிற் புகும் மாணவர் பெரும்பாலும் முதலிற் படத்தைத் தெரிகின்றனர். பின்னர் கையில் அகப்பட்ட பலகையை எடுக்கின்றனர். ஈற்றிலே பலகையின் குறைகளை மறைத்தற்பொருட்டு எனாமல் வர்ணத்தைத் தடிப்பாக அப்புகின்றனர். இவ்வொழுங்கு தலைகீழானது என்பது எமது துணிபு. பார்ப்பவர் கண்ணுக்கு மரம் தெரியவேண்டுமா, மறையவேண்டுமா என்பதே முதல் வினா. தெரியவேண்டுமாயின் நிறந் தரும் பொறுப்பு மரத்தினுடையது. மறையவேண்டுமாயின் நல்ல மரத்தை வீணாக்குவானேன்? தேக்கிலே எனாமல் பூசுவது பட்டுச்சேலைமேற் சாக்கைக் கட்டுவது போலாம். ஆகவே பலகை தெரிதலும் வண்ணம் தெரிதலும் இரு செயல்கள் அல்ல, ஒன்றே.

மரம் என்ற சொல்லை நாம் இன்று பரந்த பொருளில் வழங்குகின்றோம். தொல்காப்பியரோ மரபியலில், வைரம் உள்ளே அமைந்ததை மரமென்றும் வெளியே அமைந்ததைப் புல்லென்றும் பகுத்தார். வைரத்துக்கு அவர் வழங்கிய சொல் காழ் என்பது. அப்பகுப்பின்படி நமது பனையும் தென்னையும் புல்லினத்தனவே. இது பரீட்சைக்காக மனனஞ்செய்து மறந்துவிடும் செய்தியன்று. பனங்குற்றியைக் குறுக்கே அரிந்து பார்ப்பவர், வெளிப்புறத்திலே கருநார்கள் நெருங்கிக் கிடப்பதையும், உள்ளே செல்லச் செல்ல அவை அருகி மென்பகுதி மிகுவதையும் காண்பர். வளைக்கும் சலாகைக்கும் பனை மிகவும் ஏற்றது, நுண்வாளுக்கோ பகை. நாரும் மென்பகுதியும் தன்மையில் மிக வேறுபட்டமையால், நுட்பமான வளைவிலே பலகை நார் நாராகப் பிரிந்துவிடும்.

அகத்தே காழுடைய மரங்களிலும் வைரமும் வெளிறும் வேறு வேறு. வெளிறு என்பது பட்டையை அடுத்துள்ள வெளிர்நிறப் பகுதி; பூச்சி முதலில் அரிப்பது அதனையே. 'வெளிறு' என்னும் சொல் அறியாமையையும் குறிக்கும் என்பதை மாணவர் நினைவுகூர்க.

இனி, நமக்குக் கிடைக்கும் மரங்களை நோக்குவோம். வன்னியிலும் கிழக்கிலும் வளரும் முதிரை பொன்னிறமும் பட்டுத்துணி போன்ற மினுக்கமும் உடையது. ஆங்கிலேயரும் அம்மினுக்கத்தைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். சிறு துண்டுகளாகப் பதித்துச் செய்யும் வேலைக்கு அது மிகச் சிறந்தது. ஆயினும் வன்மை மிக்கதாதலின் அலகை விரைவில் மழுக்கும்; அன்றியும் அதன் தூள் சிலருடைய தோலிலே கடியையும் சொறியையும் உண்டாக்கும். முதிரையை அறுப்பவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவுதல் வேண்டும்.

தேக்கு எளிதில் வளையாது, முறுகாது. புதிதாய் அறுத்தபொழுது திட்டுத்திட்டாகத் தோன்றும் அதன் நிறம் வெளிச்சம் படப்பட ஒருமைப்படும். அதனைக் கண்டு அஞ்சி உடனே சாயம் பூசுதல் அவசரக் காரியம். அதிலுள்ள எண்ணெய்ப்பசை வார்னிஷ் உலர்வதையும் பசை பற்றுவதையும் தடுக்கும். ஆகவே பூசுமுன்னும் ஒட்டுமுன்னும் சாராயமதுவில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். பலா, வெட்டிய அன்று நல்ல மஞ்சள்; நாட்செல்லச் செல்லச் செம்பழுப்பாகும். பௌத்த துறவிகளின் ஆடைக்குச் சாயமூட்டப் பயன்பட்டது இதன் வைரச் செதுக்கலே. மஞ்சள் வேண்டுமென்று பலாவைத் தெரிந்து, பத்தாண்டு கழிந்தும் அது மஞ்சளாகவே இருக்குமென எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். பலாமரத்தை அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கின்றது. தச்சுப்பட்டறையிலே கழித்த துண்டுகள் நமக்குப் போதும். நுண்வாட் பணியின் பெருமையே பிறர் கழித்ததைப் பொருளாக்குவதுதான்.

மகோகனியின் நார் நேரானது, வாளுக்கு இணங்குவது. மரத்தின் இயல்பு நிறம் தெரியவேண்டுமென விரும்பும் புதியவர் இதிலே தொடங்கலாம். வேம்பும் அதே குடும்பத்து மரந்தான், நிறமும் நெருங்கியதே. ஆனால் அதன் நார்கள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்வதால், எவ்வளவு மினுக்கினும் மயிர் சிலிர்த்தது போல எழுந்து நிற்கும்.

வண்ணத்தின்கீழ் மறையவேண்டிய வேலைக்கு மலைவேம்பும், றப்பர் மரமும், ஒட்டுப்பலகையும் ஏற்றவை. றப்பர் மரம் வெண்மஞ்சள் நிறத்தது; சாயத்தைச் சீராக ஏற்கும். பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் எளிதில் இரையாவதால், மருந்தூட்டிப் பதப்படுத்தியதையே வாங்குக. பொதிப்பெட்டிகளில் வரும் பைன் பலகையும் உதவும். கணுவிலிருந்து கசியும் பிசின் வர்ணத்தையும் ஊடுருவிக் கறையாக வெளிப்படுமாதலால், கணுவின்மீது முதலில் அரக்குமெருகு பூசுக. எம்.டி.எஃப். எனப்படும் மரத்தூட் பலகைக்கு நாரோட்டம் என்பதே இல்லை. வழுவழுப்பாக வர்ணம் ஏற்கும். எனினும் ஈரம் பட்டால் ஊதிவிடும். அதன் தூள் மிக நுண்ணியது. அடைத்த அறையில் அதனை அறுத்தல் கூடாது.

நாரோட்டம் பற்றி ஒரு சொல். நார் ஓடும் திசையிலே மரம் வலிது, குறுக்கே மெலிது. கொக்கின் கழுத்தை அறுப்பதாயின் நார் கழுத்தின் நெடுமைக்கு இயையவே ஓடவேண்டும். குறுக்கே ஓடினால், வாளிலே தப்பிய கழுத்து, துடைக்கும்பொழுது ஒடியும். ஒட்டுப்பலகையிலே தாள்கள் ஒன்றன் நாருக்கு மற்றதன் நார் குறுக்காக அமைய ஒட்டப்பட்டிருப்பதால் இவ்விடர் குறைவு. மிக நுண்ணிய வேலைப்பாட்டுக்கு அதனையே யாம் விதந்துரைப்போம்.

வண்ணமே தீட்டாமல் மரத்தாலேயே ஓவியம் எழுதலாம் என்பதற்கு இத்தாலி சான்று தருகின்றது. குப்பியோ நகரத்து மாளிகைக்காக 1478 முதல் 1482 வரையிற் செய்யப்பட்ட சிற்றறை ஒன்று இப்பொழுது நியூயோர்க் நகரத்து மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. பாதி திறந்த அலுமாரிகளும், அவற்றினுள்ளே புத்தகங்களும் இசைக்கருவிகளும் இருப்பனபோலத் தோன்றுகின்றன. கிட்டச் சென்றால் யாவும் தட்டையான மரத்துண்டுகள். வால்நட், பீச், ஓக், கனிமரங்கள் ஆகியவற்றின் இயல்பு நிறங்களே அங்கே ஒளியும் நிழலுமாயின. அக்காலத்து இத்தாலிய வினைஞர் பச்சை நிறத்துக்கு, ஒருவகைப் பூஞ்சணம் பற்றிப் பச்சையான மரத்தைத் தேடி எடுத்தனர் என்பது வியப்புக்குரியது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காலித் தச்சர், கருங்காலிப் பெட்டிகளிலும் மேசைகளிலும் இத்தீவின் பலவகை மரங்களைச் சிறு சிறு துண்டுகளாகப் பதித்தனர். ஒரு மேசையைப் பார்ப்பது ஒரு காட்டின் மாதிரியைப் பார்ப்பதாகும். அவர்கள் விரும்பிய கலமந்தர் மரம் இன்று காண்பதற்கு மிக அரியதாகிவிட்டது. கருங்காலியும் காட்டிலே சட்டப் பாதுகாப்பில் உள்ளது. ஆகவே கருமை வேண்டும் மாணவர் கருங்காலி தேடி அலையவேண்டா. வெண்ணிற மரத்துண்டிலே கடுந்தேயிலைச் சாயத்தைப் பூசி உலரவிடுக. துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் வினாகிரியில் ஊறவைத்து வடித்த நீரை அதன்மேற் பூசுக. தேயிலையிலுள்ள தனின் என்னும் துவர்ப்பொருளும் இரும்பும் கூடிக் கண்ணெதிரே மரம் கறுக்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு குவளைத் தேநீரின் செலவே.

வர்ணந் தீட்டும் வேலைக்கு வருவோம். அம்பலாங்கொடை முகமூடிகள் மரத்தை முழுவதும் மறைப்பன. ஆடுவோன் முகத்திலே தாங்கவேண்டியிருத்தலின், பாரமற்ற கதுறு மரத்தைத் தெரிந்து, அதன்மேற் பளிச்சென்ற நிறங்களை ஏற்றுகின்றனர். மாத்தளைப் பகுதியின் அரக்கு வேலையிலோ சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை என்னும் மிகச் சில நிறங்களே ஆட்சிபுரிகின்றன. மாணவர்க்கு யாம் கூறுவதும் இதுவே: வண்ணப்பெட்டியில் இருபது நிறம் இருப்பதனால் இருபதையும் தீட்டவேண்டுமென்பதில்லை, மூன்று போதும், நான்கு மிகுதி.

நிறங்கள் அயல்நிறத்தால் மாறித்தோன்றும் இயல்புடையன. பாரிஸ் நகரத்துக் கோபெலின் திரைச்சீலை ஆலையிலே சாயப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஷெவ்ரேல் என்னும் இரசாயனவியலறிஞர், கறுப்பு நூல் மங்கித் தெரிகின்றதென்ற முறைப்பாட்டை ஆராய்ந்து, குறை சாயத்திலன்று, அருகே நெய்த நிறங்களிலேதான் என்று கண்டார். அவ்வாராய்ச்சியை 1839இல் நூலாக வெளியிட்டார். பலகைக்கும் இது பொருந்தும். மகோகனியின்மீது செந்நிறம் கரைந்துபோம். பலாவின்மீது மஞ்சள் இருந்தும் இல்லாததாகும். தேக்கின் செம்பழுப்புக்கு அருகே வைத்த நீலமோ தன் இயல்பினும் மிக்க நீலமாய் ஒளிரும்.

இவற்றினும் மேலாக, பலரும் எண்ணாத ஒரு நிறம் உண்டு, அது வெளி. நுண்வாள் அறுத்தெடுத்த இடமெல்லாம் வெறுமையன்று. பின்னாலுள்ள சுவரின் நிறமே அவ்விடத்தின் நிறம். பழைய வீடுகளின் விறாந்தை முகப்பில் உள்ள துளைவேலைப் பலகைகளை நினைத்துப் பார்க்க. அவற்றுக்குப் பின்னே வானமும் முற்றத்து வெயிலும் இருந்தன. ஆதலினாலே கரும்பலகையும் அழகாயிற்று. அதே பலகையை இருண்ட மண்டபச் சுவரிலே தூக்கினால் உருவமே தோன்றாது. வெள்ளைச் சுவருக்குக் கரிய மரம், கரிய சுவருக்கு வெளிறிய மரம். சுவரிலிருந்து அரை அங்குலம் முன்தள்ளி மாட்டினால், பலகையின் நிழலும் விழுந்து மூன்றாவது நிறமாகும். வர்ணக்கடையில் அதற்குப் பணங் கொடுக்கவேண்டியதில்லை.

சிறுவர்க்கு விளையாட்டுப்பொருள் செய்யும்பொழுது அழகினும் முற்பட்டது ஒன்று உண்டு. பழைய வர்ணங்களில் மஞ்சளுக்கும் செம்மைக்கும் ஈயச் சேர்க்கைகள் கலக்கப்பட்டன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு ஈயம் கேடற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை. இலங்கையில் வர்ணங்களிலுள்ள ஈயத்துக்கு 2013 தொடக்கம் சட்டபூர்வமான எல்லை உண்டு. ஆனால் பண்டகசாலை மூலையிலே கிடக்கும் பழைய தகரம் சட்டத்தை அறியாது. தந்தையார் காலத்து வர்ணம் இன்னும் உலரவில்லையே என்று மகிழ்ந்து, அதனை மழலைகள் வாயில் வைக்கும் மரக்கிளிக்குப் பூசும் சிக்கனம் வேண்டாம். பழைய வர்ணம் பூசிய பலகையை உலர்வாக அரத்தாளிடுதலும் அவ்வாறே தீது. தூள் மூச்சோடு உட்செல்லும்.

இவையெல்லாம் ஒருங்கே வரும் வேலையாக மயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோகைக்கு மகோகனி, தோகைக் கண்களுக்கு முதிரை, அவற்றின் நடுவே தேயிலையும் துருநீரும் பூசிக் கறுப்பித்த சிறு வட்டம். உடலுக்குத் தேக்கு. கழுத்துக்கு வேண்டிய நீலமோ நம் மரங்களில் இல்லை. வர்ணம் உள்ளே வரவேண்டிய இடம் இதுவே. வெண்ணிற றப்பர்த் துண்டிலே நார் நெடுக ஓடும்படி கழுத்தை அறுத்து, நீரிற் கரைத்த நீலத்தை மெல்லிதாக, ரேகை மறையாதபடி தீட்டுக. கொண்டையைத் தனி மரத்தில் அறுத்தால் ஒடிவது திண்ணம். மூன்று மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் அறுத்துப் பின்புறம் ஒட்டுக.

மேற்பூச்சிலும் கவனம் தேவை. எண்ணெய் வார்னிஷ் நாட்படப் பழுக்கும். மரத்தின்மேல் அது அழகே. நீலத்தின்மேற் படிந்தால் மயிலின் கழுத்துப் பச்சையாகிவிடும். ஆகவே கழுத்துக்கு மட்டும் நீரிற் கரையும் தெளிந்த மேற்பூச்சையும், ஏனையவற்றுக்கு அரக்குமெருகையும் கொள்க. முன்புறத்துக்குப் பூசிய அளவு பின்புறத்துக்கும் பூசவேண்டும். இல்லையேல் மாரிகாலத்து ஈரத்தை ஒரு பக்கம் மாத்திரம் குடித்துப் பலகை வளையும்.