பொறியியல் பீடத்தில் கலையும் படிக்கலாம்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் திருகோணமலையில் கணிதப் பிரிவுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுத்தான். சிவிலா, மெக்கானிக்கலா, கம்ப்யூட்டரா? எதை எடுத்தால் கெதியாக வேலை கிடைக்கும், எதை எடுத்தால் வெளிநாடு போகலாம்? கேட்பதில் பிழையில்லை, வீட்டுக் கடன் வீட்டாருக்குத்தான் தெரியும். ஆனால் நாலு வருடப் படிப்பை ஒரு வேலைக்கான துண்டாக மட்டும் பார்த்தால் அதன் பாதிப் பயன் கைநழுவிப் போகும். சரியாகப் படித்தால், இந்த நாட்டில் இன்று கிடைக்கிற மிக விரிவான பொதுக்கல்வி பொறியியல்தான் என்பது என் கட்சி. கலைப் பீடத்து நண்பர்கள் கோபிக்கட்டும், பிறகு பேசிக்கொள்வோம்.

இதற்குச் சாட்சி தேடித் தூரம் போகவேண்டாம், துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் சம்பூர் இருக்கிறது. 2006 யுத்தத்தில் அந்த ஊர்ச் சனம் இடம்பெயர்ந்தது. பிறகு அந்தப் பகுதியில் இந்தியாவின் என்.டி.பி.சி. நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதாகத் திட்டம் போட்டன. கொதிகலன், டர்பைன், மின்பிறப்பாக்கி எல்லாம் உலகம் நூறு வருடமாகச் செய்து பழகியவை. கணக்கில் சிக்கல் இருக்கவில்லை. சிக்கியதெல்லாம் வேறு இடங்களில். சாம்பலை எங்கே கொட்டுவது? வெளியேறும் சுடுநீர் கொட்டியாரக் குடாவின் மீனை என்ன செய்யும்? இடம்பெயர்ந்தவரின் காணிக்கு யார் பதில் சொல்வது? சுற்றாடல் அறிக்கை நீதிமன்றத்தில் நிற்குமா? கொழும்புக்கும் டில்லிக்கும் இடையிலான அரசியல் வேறு. 2016 இல் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்திட்டம், 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. சூரியத் தகட்டுக்கும் காணி வேண்டும், அயலூர்ச் சனத்தோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். வெப்ப இயக்கவியலில் ‘ஏ’ எடுத்துவிட்டு மேற்படி நாலு கேள்விக்கும் வாய் திறக்கத் தெரியாதவர் அங்கே போய் என்ன செய்வார்?

கந்தளாய்க்கு வாருங்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மண் அணையைப் பார்க்கப் போகிறவர் முதலில் அடிவாரத்தைப் பார்ப்பார். அங்கே கொஞ்சம் ஈரம் கசிவது வழமை. கசியும் நீர் தெளிவாக இருந்தால் குறித்து வைத்துக் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால், உள்ளே மண் கரைந்து வெளியேறுகிறது, அணைக்குள் குழாய்போல் ஒரு வழி திறக்கிறது, நேரமில்லை என்று பொருள். இந்த விஷயம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தண்ணீர் கலங்கியதை முதலில் காண்பது ஜீப்பில் வருகிற பொறியியலாளர் அல்லர், மாட்டை அவிழ்த்துக்கொண்டு அவ்வழியால் போகிற கமக்காரர். அவருடைய மொழியில், அவருடைய வேகத்தில் பேசத் தெரிந்த பொறியியலாளருக்குத்தான் அந்தச் செய்தி நேரத்துக்கு வந்து சேரும். தண்ணீர் வெறும் கணக்கோடு நிற்பதுமில்லை. வெருகல் பக்கத்து மாவிலாற்றில் 2006 ஜூலையில் துருசு மூடப்பட்டதில் தொடங்கிய மோதல் யுத்தமாகி எங்கே போய் முடிந்தது என்பதை இந்த மாவட்டத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் அப்படித்தான். 1930களில் பிரித்தானியர் கட்டத் தொடங்கியவை, 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சைக் கண்டவை. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 99 தாங்கிகளில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அங்கே வேலைக்குப் போகிறவர் துருவையும் படிக்கவேண்டும், குத்தகைப் பத்திரத்தையும் படிக்கவேண்டும்.

சரி, பல்கலைக்கழகம் இதையெல்லாம் சொல்லித் தருமா? அரைகுறையாக. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 இல் முழு உறுப்பினர் ஆனது. அந்த உடன்படிக்கை பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் அறநெறி, தொடர்பாடல், சமூகமும் சூழலும், குழுவேலை, வாழ்நாள் முழுவதும் கற்றல் எல்லாம் உண்டு. ஆகவே பாடத்திட்டத்தில் முகாமைத்துவம், பொருளியல், தொடர்பாடல் என்று சில பாடங்கள் இருக்கும். பெரும்பாலான மாணவர் அவற்றைச் சுலபமான புள்ளிக்காகவே எடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1955 இல் தொடங்கிய ஹார்வி மட் கல்லூரி போன்ற இடங்களில் பொறியியல் மாணவர் இலக்கியம், வரலாறு போன்ற பாடங்களையும் கணிசமாகப் படித்தே ஆகவேண்டும். அண்ணா பல்கலைக்கழகம்கூட முதலாம் ஆண்டில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பாடங்கள் வைத்திருக்கிறது. சின்னப் பாடங்கள், ஆனாலும் நல்ல தொடக்கம். நம் பீடங்களில் இந்தக் கலவையை மாணவரே கூட்டிக்கொள்ளவேண்டும்.

அதனால் பீடத்தைத் தெரிவுசெய்யும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இதை வழிகாட்டிக் கருத்தரங்குகளில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. பேராதனையில் கலைப் பீடம் மகாவலியின் அக்கரையில், பாலம் கடந்தால் நல்ல நூலகம். (அதே ஆறுதான் மூதூர்ப் பக்கம் வந்து நம் குடாவில் விழுகிறது.) மொறட்டுவையில் கலைப் பீடம் இல்லை, ஆனால் கட்டடக்கலையும் நகரத் திட்டமிடலும் ஒரே வளாகத்தில். ஒலுவிலில் கலை, முகாமைத்துவம், பொறியியல் எல்லாம் எட்டி நடக்கிற தூரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். கலைப் பீடம் திருநெல்வேலியில் கிடக்க, அயலில் விவசாய பீடம் இருக்கிறது. நீர்ப்பாசனத்தில் ஆசையுள்ளவருக்கு அது பெரிய வாய்ப்பு. வெட்டுப்புள்ளி கைவிட்டவருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம் உண்டு, உழைத்துக்கொண்டே படிக்கலாம்.

உள்ளே போனபின் முதல் வருடத்தில் கணிதத்தை விட்டு எங்கும் அசையாதீர்கள். பல பீடங்களில் முதலாம் ஆண்டுப் பெறுபேற்றை வைத்துத்தான் துறை கிடைக்கும். தமிழில் படித்துப் போகிறவருக்கு ஆங்கில விரிவுரை முதல் சில மாதம் தலைவலி. ஆங்கிலத்தில் நாளுக்கு ஒரு பக்கம் எழுதிப் பழகினால் அடங்கிவிடும். இரண்டாம் வருடத்திலிருந்து தொழில்நுட்பத்துக்கு வெளியே ஒரே ஒரு துறையைப் பிடியுங்கள், காணிச் சட்டமோ மீன்வளமோ வரலாறோ. நாலைந்தைத் தொட்டுப் பார்ப்பதில் ஒன்றுமில்லை. கைத்தொழிற் பயிற்சிக்கு எல்லாரும் கொழும்புக்கு ஓட, சீனக்குடாவில் சீமெந்து ஆலையும் மாவாலையும் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். இறுதியாண்டு ஆய்வுக்கு ஊர்க் கேள்வி ஒன்றைக் கொண்டுபோங்கள். நிலாவெளிக் கிணறுகளில் உப்பு ஏறுமா, படகில் பனிக்கட்டி எவ்வளவு நேரம் நிற்கிறது, கிண்ணியாவில் மழைவெள்ளம் எங்கே தேங்குகிறது. விரிவுரையாளர் மறுக்கமாட்டார், தரவு கொண்டுவருகிற மாணவரை யாருக்குத்தான் பிடிக்காது?

இப்படி நடந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பேராசிரியர் அழகையா துரைராசா கேம்பிரிட்ஜில் களிமண்ணின் நடத்தையை ஆராய்ந்தவர். ரோஸ்கோ, ஸ்கோஃபீல்டு ஆகியோருடன் சேர்ந்து எழுதிய 1963 ஆம் ஆண்டுக் கட்டுரை மண்விசையியலில் இன்றும் பேசப்படுகிறது. அவரே யுத்தத்தின் நடுவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து அதை மூடவிடாமல் நடத்தினார். எழுத்தாளர் சுஜாதா மின்னணுப் பொறியாளர், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திர வேலையில் இருந்துகொண்டுதான் கதைகளும் எழுதினார். தமிழ் விக்கிப்பீடியாவை 2003 இல் கட்டியெழுப்பத் தொடங்கிய மயூரநாதன் கட்டடக்கலைஞர். மூவரும் தம் தொழிலில் முதலில் கெட்டிக்காரர்கள். இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் விரிவாகப் படிக்கிறேன் என்று கணக்கைக் கோட்டைவிட்டவருக்கு எந்த நிறுவனமும் கதவு திறக்காது.

ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்து முன், அந்தந்தப் பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிற நம்மூர் அண்ணாவையோ அக்காவையோ தேடிப் பிடியுங்கள். பொது விருப்பப் பாடங்கள் எவை, வேறு பீட விரிவுரையில் போய் இருக்க விடுவார்களா, பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். சம்பளக் கதையைக் கடைசியில் கேட்கலாம்.