மீன் நீந்தினால் தொட்டியில் கரண்ட் இல்லையா?

புதுச்சேரியின் வில்லியனூரிலோ பாகூரிலோ கோமாளி மீன் வளர்க்க ஆசைப்படுபவர் முதலில் தொட்டி வாங்குவார். பிறகு பம்ப், கழிவை நுரையாக்கி அள்ளும் ஸ்கிம்மர், லைட். மே மாத வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். இந்த மீன்களுக்கு 26 டிகிரி பக்கம் இருப்பதுதான் நல்லது என்பதால் மேலே ஒரு ஃபேனும் வரும். ஒரே தொட்டிக்கு ஐந்தாறு பிளக், பெரும்பாலும் 230 வோல்ட். கூடவே சில தவறான நம்பிக்கைகளும் வந்துவிடுகின்றன.

நம்பிக்கை: கரண்ட் கசிந்தால் முதலில் மீன் செத்துவிடும்.

உண்மை: கரண்ட் ஓட வேண்டுமானால் அது வெளியேறவும் வழி வேண்டும். மரப்பலகை மேல் நிற்கும் கண்ணாடித் தொட்டியில் அந்த வழி இல்லை. தண்ணீர் முழுவதும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், மின்கம்பியில் உட்கார்ந்த காக்கையைப் போல மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஈரச் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று தண்ணீரில் கையை விடுகிறீர்களே, கரண்ட் உங்கள் வழியாகத்தான் பூமிக்கு இறங்கும். அதிலும் இந்தத் தொட்டியில் இருக்கும் கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் நூறு மடங்கு நன்றாகக் கரண்டைக் கடத்தும்.

நம்பிக்கை: மீட்டர் 40 வோல்ட் காட்டினால் ஏதோ பழுது, டெஸ்டர் எரியாவிட்டால் பயமில்லை.

உண்மை: நல்ல பம்ப் ஓடும்போதும் அதன் மோட்டாரால் தண்ணீரில் தூண்டல் மின்னழுத்தம் உண்டாகும். மீட்டர் அதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. அதில் ஓடக்கூடிய கரண்ட் மிகச் சொற்பம். ஆனால் பம்பின் எபாக்சி பூச்சு விரிசல் விட்டாலோ, ஹீட்டர் இருந்து அதன் கண்ணாடி உடைந்தாலோ அது நிஜக் கசிவு. வெறும் வோல்ட் கணக்கோ டெஸ்டர் விளக்கோ இரண்டையும் பிரித்துச் சொல்லாது. கையில் சுருக்கென்று பட்டால் மெயினை அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கி, ஒவ்வொரு கருவியையும் எலக்ட்ரீஷியனிடம் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: எம்.சி.பி. இருக்கிறது, அது காப்பாற்றும்.

உண்மை: எம்.சி.பி. காப்பது ஒயரை. உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் மூச்சுத் தசைகள் இறுகலாம், இதயத் துடிப்பு குலையலாம். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது 200-ல் ஒரு பங்கு; அசையாது. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமாக இல்லாவிட்டால் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் அது துண்டித்துவிடும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் மட்டும் அதற்கும் தெரியாது. அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

நம்பிக்கை: தண்ணீருக்குள் ஒரு எர்த் கம்பி விட்டால் போதும்.

உண்மை: ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் கம்பி நல்ல துணை. கசிவு தொடங்கியதுமே டிரிப் ஆகும், உங்கள் கை படும்வரை காத்திருக்காது. ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் கசிவு தண்ணீர் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். கம்பி டைட்டானியமாக இருக்க வேண்டும். செம்பு கரைந்தால் இறாலும் பவளமும் செத்துவிடும்.

நம்பிக்கை: ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா டிரிப் ஆகிறது, கழற்றிவிடலாம்.

உண்மை: அது சும்மா ஆவதில்லை. ஸ்கிம்மரிலிருந்து தெறிக்கும் துளி காய்ந்து பிளக்கின் மேல் வெள்ளையாக உப்புப் படியும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அது நனைந்து கரண்டுக்குப் பாலமாகிவிடும். இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்திருந்தாலும் டிரிப் ஆகும். காரணத்தைச் சரிசெய்யுங்கள். சுவிட்ச் போர்டைத் தொட்டிக்குப் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி மேலேறட்டும். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடவே கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் வந்த வெள்ளத்தைப் பார்த்த பாகூர்க்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டிரிப் ஆகாவிட்டால் அன்றே மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை விட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மீனைத் தொட்டுப் பார்க்க ஓடிவரும் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாது.