வாயிலைப் படிப்போம்



கோவிலுக்குச் செல்லும்போது நம் கண்ணில் முதலில் படுவது கோபுரம். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தின் ஐந்து நிலைக் கோபுரம் ஏறத்தாழ 23 மீட்டர் உயரமுடையது. உள்ளே இருப்பது இறைவனின் இல்லம் என்பதைத் தெருவில் நிற்பவருக்கும் அது உணர்த்துகிறது. உள்ளிருப்பதை வெளியே அறிவிப்பதே வாயிலின் கடமை. மேலைநாட்டு விலங்குக்காட்சிசாலைகளின் பழைய வாயில்கள் இக்கடமையை எவ்வாறு ஆற்றின என்பதைக் காண்போம்.

வாயில் மனை

பெரிய பூங்காவின் வாயிலை ஒட்டிச் சிறு வீடொன்று கட்டுவது இங்கிலாந்தில் வழக்கம். வாயிற்காவலர் அதில் தங்கிக் கதவைத் திறந்து மூடுவார். இதனை வாயில் மனை எனலாம். வாயிலின் இருபுறமும் ஒன்றையொன்று ஒத்த இரு மனைகள் அமைவதும் உண்டு.

புதுச் செந்நெறிப் பாணி

பண்டைய கிரேக்க, உரோமானியக் கோவில்களைப் பின்பற்றி, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய பாணி இது. இதனை மூன்று அடையாளங்களால் அறியலாம்.

1. நடுவே ஒரு கோடு கிழித்தால் இடமும் வலமும் ஒத்திருக்கும்.
2. முகப்பில் தூண்கள் வரிசையாக நிற்கும். தூணின் தலைப்பகுதி எளிமையாக இருந்தால் டோரிக். சுருள் வடிவம் இருந்தால் அயோனிக். இலைக்கொத்து இருந்தால் கொரிந்தியன்.
3. தூண்களின்மேல் முக்கோண முகப்பு அமையும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர விலங்குக்காட்சிசாலை 1836இல் திறக்கப்பட்டது. அதன் வாயில் மனை இப்பாணியைச் சார்ந்தது. விலங்கியல் கழகத்தார் நிறுவிய அக்காட்சிசாலை வெறும் வேடிக்கைக் கூடமன்று, கல்விக்கூடமும் ஆகும் என்று அத்தோற்றம் சொல்வதாகக் கொள்ளலாம். ஆனால், அயர்லாந்தின் டப்ளின் காட்சிசாலையோ 1833இல் 30 பவுன் செலவில் கூரை வேய்ந்த குடில் போன்ற மனையையே கட்டிக்கொண்டது. அதுவும் இன்றுவரை நிற்கிறது. ஆடம்பரம் மட்டுமே அழகன்று என்பதற்கு அது சான்று.

நம் நாட்டில்

புதுச் செந்நெறிப் பாணியைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கிள்ளான் நகரில் 1909இல் எழுந்த சுல்தான் சுலைமான் கட்டடம் அப்பாணியினதே. ஆங்கிலேயர் ஆட்சி அலுவலகமாகவும், பின்னர் ஜப்பானியப் படையின் தலைமையகமாகவும் இருந்த அது, இன்று சுல்தான் அப்துல் அஸிஸ் அரச காட்சியகமாக விளங்குகிறது. அதனை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். அதே 1909இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் ஜாமிஃ பள்ளிவாசலும் அவர் வரைந்ததே. அதற்கு அவர் குவிமாடங்களையும் வளைவுகளையும் அமைத்தார். வரைந்த கை ஒன்று. பயனுக்கேற்பத் தோற்றம் வேறு.

எஞ்சி நிற்கும் வாயில்

பிரிஸ்டல் காட்சிசாலை 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது. எனினும், அதன் வாயில் மனை சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடமாக உள்ளது. நம் தலைநகரிலும் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட புடு சிறைச்சாலை இடிக்கப்பட்டபோது, அதன் முதன்மை வாயில் மட்டும் காக்கப்பட்டது. உள்ளிருந்தவை மறைந்த பின்னும் அவற்றின் கதையைச் சொல்ல வாயிலேனும் எஞ்சுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அவற்றின் வாயில்களை வரைந்து வைத்தவர் எத்தனை பேர்? எனவே, மாணவர்களே, பார்ப்பதோடு நில்லாமல் பதிவும் செய்யுங்கள்.

பயிற்சி

1. உங்கள் தோட்டம், கோவில், பள்ளி ஆகியவற்றுள் ஒன்றன் வாயிலை வரைக.
2. அதனைக் கட்டியவர் யார், எந்த ஆண்டில் என்பதை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக.
3. அவ்வாயில், உள்ளே இருப்பதைப்பற்றி என்ன சொல்கிறது? ஐந்து வரிகளில் எழுதுக.